துறைக்குப் போகும் வழி சலுகை அல்ல: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் எங்கள் தீவின் இறங்குதுறையைக் கரைக்காணிக்காரர்களின் குழு ஒன்றிடம் பராமரிப்புக்கென்று ஒப்படைக்கச் சென்ற மாதக் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறீர்கள். தீவின் உட்புறத்தில் காணி வைத்திருக்கும் நாங்கள் இனி அந்தக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதிக்கும் நேரத்தில் மட்டும் துறையைப் பாவிக்கலாம் என்பது தீர்மானத்தின் இரண்டாவது பகுதி. இதை எடுப்பதற்கு முன் எங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எடுத்த பிறகும் யாரும் வந்து சொல்லவில்லை. துறைக்குப் போகும் ஒழுங்கையில் புதிதாகப் படலை போட்டுப் பூட்டுத் தொங்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

தீவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் நான் இங்கே எழுதவில்லை. கரைக்காணிக்காரரும் உட்காணிக்காரரும் ஒருவருக்கொருவர் அக்கா தங்கை, மாமன் மச்சான் முறையானவர்கள். நாளைக்கு ஒரு கலியாணத்திலோ செத்தவீட்டிலோ முகம் பார்த்து நிற்க வேண்டியவர்கள். அவர்களோடு சண்டை பிடிப்பதற்காக நான் எழுதவில்லை. சபையின் தீர்மானத்தைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தீவில் உட்காணி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகிற வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருக்கிறது. தீவிலும் அப்படித்தான் நடந்தது. மூத்த மகளுக்குத் தண்ணீரோடு ஒட்டிய வீடும் வளவும், அடுத்தவளுக்கு அதன் பின்னால் ஒரு துண்டு, கடைசிப் பெண்ணுக்கு நடுவில் உள்ள தென்னங்காணி. பிரித்துக் கொடுத்தவருக்கு ஐந்து பெண்களும் ஒன்றுதான். பின் துண்டு வாங்கியவள் முன் துண்டுக்குள்ளால் நடந்து துறைக்குப் போவாள் என்பதை அவர் சந்தேகிக்கவே இல்லை. ஒரே காணி பல துண்டானபோதுதான் தண்ணீரைத் தொடாத காணி என்ற ஒன்று உண்டாயிற்று. இன்று கரையில் இருப்பவர்கள் எங்களுக்கு இடம் விட்ட புண்ணியவான்களும் அல்லர், நாங்கள் வழி கேட்டு வந்த பிறத்தியாரும் அல்லர்.

என் அம்மம்மாவின் காணி உறுதி என்னிடம் இருக்கிறது. மடிப்புகள் தேய்ந்து, நடு மடிப்பில் இரண்டு சொற்கள் அழிந்துபோன தாள். எல்லைகளைச் சொல்லி முடித்த பிறகு நொத்தாரிசு அதே கறுப்பு மையில் எழுதியிருக்கிறார்: துறைக்குப் போகவர வழியும், துறையில் தோணி கட்டி ஏற்றி இறக்கும் பாத்தியமும் உட்பட. இதன் பிரதியை உங்கள் செயலாளரிடம் முன்பே கொடுத்தேன். தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உறுதியில் எழுதிய பாத்தியத்தை, ஒரு குழுவின் சம்மதத்தோடு கிடைக்கும் உபகாரமாக மாற்ற சபைக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எல்லா உட்காணிகளுக்கும் இப்படி உறுதி இல்லை என்பது உண்மை. 1990இல் ஊரை விட்டு ஓடியபோது பலர் உடுத்த உடுப்போடுதான் வெளிக்கிட்டார்கள். சில குடும்பங்களில் வாய்ச்சொல்லோடு பிரித்தது, எழுதவே இல்லை. அவர்களுடைய நிலை என்ன? நம் நாட்டில் நடைமுறையில் இருக்கும் உரோம-டச்சுச் சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வேறு வழியே இல்லாத காணிக்கு அயற்காணிக்குள்ளால் அவசிய வழி கேட்கும் உரிமை உண்டு. அந்த வழி அயற்காணிக்கு ஆகக் குறைந்த தொல்லை தருவதாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் சொல்வதுதான். அதோடு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்து ஆண்டு தடையில்லாமல், இன்னொருவரின் தயவில் அல்லாமல் அனுபவித்துவந்த பாத்தியத்தை ஏற்றுக்கொள்கிறது. எங்கள் ஒழுங்கை பத்து ஆண்டைவிட எவ்வளவோ பழையது. அதன் இரண்டு பக்கமும் நிற்கும் பூவரச மரங்களைக் கட்டிப்பிடித்துப் பார்த்தால் தெரியும்.

கூட்டத்தில் ஒருவர், யுத்த காலத்தில் அந்த ஒழுங்கையில் யாருமே நடக்கவில்லை, ஆகவே பாத்தியம் போய்விட்டது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நாங்கள் விரும்பியா நடக்காமல் இருந்தோம்? கரைக்காணிக்காரரும் அந்த ஆண்டுகளில் எங்களோடு அதே அகதி முகாமில் அதே வரிசையில் நின்றவர்கள்தானே! பாராளுமன்றமே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் யுத்தத்தால் தம் காணியைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாதென்று ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட நான் வரவில்லை. கொழும்புக்கு விளங்கிய நியாயம் மட்டக்களப்பில் ஒரு சபைக்கு விளங்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது, வேறு பக்கத்தில் ஒரு துறை போட்டுக்கொள்ளட்டும் என்ற ஆலோசனை. இதைச் சொன்னவர் தீவைச் சுற்றித் தோணியில் ஒருமுறை போயிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். வாவி ஆழமற்றது. கோடையில் தண்ணீர் வற்றும்போது தீவின் மூன்று பக்கமும் சேறுதான். கால் வைத்தால் தொடைவரை புதையும். ஓடை கரையை நெருங்கி வருவது ஒரேயொரு இடத்தில், அங்கேதான் பழையவர்கள் துறை வைத்தார்கள். மாரியில் வெள்ளம் ஏறி எங்கும் தோணி விடலாம்போலத் தெரியும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் மளமளவென்று வடிந்து, காலையில் கட்டிய தோணி பின்னேரம் சேற்றில் குந்திவிடும். மற்றப் பக்கங்களில் கண்டல் அடர்ந்து நிற்கிறது. அதை வெட்ட யாரும் அனுமதி தரப்போவதில்லை, தரவும் கூடாது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்குள்தான். அதற்குள் தில்லை மரம் கலந்து நிற்கிறது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாவியில் முதலை இருப்பதும் நீங்கள் அறிந்ததுதான்.

இந்தச் சேற்றுக்குள்ளால்தான் படலை பூட்டிய பிறகு ஒரு நாள் எங்கள் பெரியம்மாவைக் கொண்டுபோக வேண்டி வந்தது. அவர் தீவின் நடுவில் குடியிருப்பவர், சலரோகக்காரர், வலது காலில் ஆறாத புண். அன்று கிளினிக் நாள். சாவி வைத்திருந்தவர் டவுனுக்குப் போயிருந்தார், தொலைபேசியும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் பெரியம்மாவை இருத்தி, இரண்டு பொடியன்கள் முன்னும் பின்னும் பிடித்துக் கண்டலுக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள். புண்ணில் சேறு படாமலிருக்கக் காலைப் பொலித்தீன் பையால் சுற்றியிருந்தோம். பாதி வழியில் கதிரையின் ஒரு கால் புதைந்து சாய்ந்தது. பிடித்துவிட்டார்கள், ஆனால் பைக்குள் சேற்றுத் தண்ணீர் போய்விட்டது. முன்னால் பிடித்தவனுக்குத் தில்லைப் பால் தெறித்துக் கண் வீங்கி, அவனையும் சேர்த்து வைத்தியசாலையில் காட்டினோம். பெரியம்மா வழி முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: "என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கோ மகன், நான் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன்."

தவிசாளர் அவர்களே, தன் தாய் கொடுத்த காணியிலிருந்து வைத்தியசாலைக்குப் போக ஒரு கிழவி ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்?

இது மூச்சுத்திணறலாகவோ பாம்புக் கடியாகவோ இருந்தால்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எதிர்க்கரை வரையில்தான் வரும். அங்கே ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நாங்கள். ஒழுங்கான துறை இல்லாத சனம் கிடைத்ததில் ஏறும், கிடைத்த இடத்தில் இறங்கும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நீங்களும்தான் கலங்கினீர்கள். உங்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் வெயிலிலும் மழையிலும் பாதைக்குக் காத்துநின்றது மறந்துபோகவில்லை என்று நம்புகிறேன்.

கரைக்காணிக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டவுனிலிருந்து பொடியன்கள் படகில் வந்து துறையில் இருந்து குடித்துவிட்டுப் போத்தலை உடைத்துப் போடுகிறார்கள். தேங்காய் களவு போகிறது. ஆண்கள் இல்லாத வீட்டு முற்றத்தால் முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் நடப்பது எந்தப் பெண்ணுக்கும் பயம்தான். இந்தக் குறைகளைத் தீர்க்க வேண்டும். ஆனால் குடிக்க வருகிறவர்கள் எங்கள் காணியிலிருந்து வரவில்லை, வாவியிலிருந்து வருகிறார்கள். படலை நிற்பது ஒழுங்கையின் தீவுப் பக்கத்தில். அவர்கள் இப்போதும் துறையில் இறங்குகிறார்கள், இப்போதும் போத்தலை உடைக்கிறார்கள். தேங்காயைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு படலைக்கு இந்தப் பக்கம் நிற்பது நாங்கள்.

துறையைத் தாங்கள்தான் திருத்தினோம் என்பது அவர்களின் இன்னொரு வாதம். பலகைகளை மாற்றியது அவர்கள்தான், நன்றி. கொங்கிரீட் தூண் போட்டது யார்? சபையின் பணத்தில் போட்டது. அந்தப் பணத்தில் என் வரிப்பணமும் இருக்கிறது, மீன் விற்கும் மனிசியின் வரிப்பணமும் இருக்கிறது. பொதுப்பணத்தில், பொதுத் தண்ணீரில் நிற்கும் துறை அது. பொது நீர்நிலைகளின் கட்டுப்பாடு அரசுக்குரியது என்று 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வாவி யாருடைய உறுதியிலும் எழுதப்படவில்லை. அதன் கரையில் காணி இருப்பது வாவிக்கே சாவி வைத்திருப்பதாக ஆகாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள், சபையில் மட்டும் யாரும் பேசவில்லை. கரைக்காணிகளில் இரண்டு, சுற்றுலாக் குடில் கட்டக் குத்தகைக்குப் போயிருக்கின்றன. சுற்றுலா வரட்டும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும், எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. ஆனால் படலை பூட்டிய சூட்டோடு எங்களில் மூன்று குடும்பங்களிடம் காணியை விற்க விருப்பமா என்று தரகர் வந்து கேட்டிருக்கிறார். சொன்ன விலை, துறை திறந்திருந்தபோது கேட்ட விலையில் பாதிகூட இல்லை. வழி இல்லாத காணிக்கு இதற்குமேல் யார் தருவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். சபை இதை எண்ணித்தான் தீர்மானம் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. சபையின் தீர்மானத்தால் நடப்பது இதுதான் என்று சொல்கிறேன். யுத்தமும் 2004 சுனாமியும் வாங்காத காணியை ஒரு பூட்டு வாங்கிவிடக் கூடாது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. அப்போதும் துறைப் பிரச்சினைக்காக மனு எழுதிக் கொடுத்தோம். மக்கள் பிரதிநிதிகள் வரட்டும், அவர்கள் தீர்ப்பார்கள் என்று அலுவலகத்தில் பதில் வந்தது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கத் தீவிலிருந்து இதே துறையால்தான் தோணி பிடித்து வந்தோம். வாக்குக் கேட்டு வந்தவர்களும் இதே துறையில்தான் இறங்கினார்கள், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எங்கள் வாக்கில் வந்த சபை எங்களை விசாரிக்காமலே இப்படி ஒரு தீர்மானம் எடுத்ததுதான் ஆறவில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

மாரி தொடங்குமுன் படலையின் பூட்டைக் கழற்றுங்கள். படலை இருக்கட்டும், ஆடு மாடு புகாமலிருக்க அது நல்லது. பூட்டுத்தான் வேண்டாம். இதற்கு விசாரணையும் குழுவும் தேவையில்லை, தவிசாளரின் ஒரு கடிதம் போதும்.

சென்ற மாதத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மீளாய்வுக்கு எடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உட்காணிக்காரர், கரைக்காணிக்காரர், மீன்பிடிக்கிறவர்கள் மூன்று தரப்பையும் எழுத்தில் அழையுங்கள். துறையின் பொறுப்பு சபையிடமே இருக்க வேண்டும். பராமரிப்புக்குக் குழு தேவையென்றால் அதில் பாதிப்பேர் உட்காணிக்காரராகவும், குறைந்தது இரண்டு பேர் தீவில் குடியிருக்கும் பெண்களாகவும் இருக்கட்டும். பராமரிப்புச் செலவில் எங்கள் பங்கைத் தர நாங்கள் ஆயத்தம். துறையைப் பாவிக்கிற எல்லாரும், சுற்றுலாக் குடில்காரர் உட்பட, அவரவர் பாவனைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தோடு பேசி, நில அளவையாளரைக் கொண்டு ஒழுங்கையை அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒரு கைவண்டி போகிற அகலம் போதும். கரை வீடுகளின் முற்றத்தைத் தொடாமல் வேலியோரமாக அதைத் திருப்ப முடியுமானால் கொஞ்சம் சுற்றி நடக்க எங்களுக்குச் சம்மதம். அளந்த ஒழுங்கையைச் சபையின் பாதைப் பதிவேட்டில் சேருங்கள். அப்போது அடுத்த தவிசாளர் காலத்தில் இந்தக் கதை மறுபடியும் தொடங்காது.

கரைக்காணிக்காரரின் பயத்துக்கும் வழி செய்யுங்கள். துறையில் ஒரு சோலர் விளக்குப் போடுங்கள். வெளிப் படகுகள் பொழுதுபட்ட பின் கட்டக் கூடாதென்று அறிவித்தல் வையுங்கள். உட்காணிக்காரரின் தோணியும் ஏற்றி இறக்கியதும் ஓரமாக விலகிவிட வேண்டும் என்று விதி வையுங்கள், அதை நாங்கள் மீறமாட்டோம்.

உறுதி தொலைத்த குடும்பங்களை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லாதீர்கள். அங்கே ஒரு வழி வழக்கு முடிவதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியஸ்த சபையில் இதைப் பேசித் தீர்க்கலாம். பிரதேச சபை அங்கே வந்து, இது காலங்காலமாகப் பாவித்த வழி என்று சாட்சி சொல்ல வேண்டும்.

கடைசியாக, அந்தக் கூட்டத்தின் அறிக்கையையும் குழுவோடு செய்த உடன்படிக்கையின் பிரதியையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டிருக்கிறேன். விண்ணப்பம் உங்கள் தகவல் அலுவலரிடம் இருக்கிறது. அதற்குச் சட்டம் சொன்ன பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தாருங்கள். இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். துறையின் அறிவித்தல் பலகையில், உட்காணிக்காரர் எல்லாரும் வாசிக்கும்படி, தவிசாளரின் கையொப்பத்தோடு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தீவின் உட்காணிச் சொந்தக்காரி ஒருத்தி